யாருக்கு இந்த முஷ்டி?

சென்ற மாதம் ஒரு மாலை. வடசென்னையில் நமது சங்க அலுவலகம். கூட்டம் முடிந்து பாய்களைச் சுருட்டிக் கொண்டிருந்தோம். துறைமுகத்தில் வேலை செய்யும் தொழிலாளி ஒருவர் தம் மகனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு உள்ளே வந்தார். பையனுக்கு வயது 15. பத்தாம் வகுப்பு படிக்கிறான். இடது கண்ணுக்குக் கீழே கன்றிப் போயிருந்தது, உதடு வீங்கியிருந்தது. தகப்பனார் கையில் ஒரு ஜோடி பழைய குத்துச்சண்டைக் கையுறை. தையல் விட்டுப் பஞ்சு வெளியே தொங்கியது. அதை மேஜை மேல் விட்டெறிந்தார்.

"தோழரே, நீங்களே கேளுங்க. ராவும் பகலும் உழைச்சுப் படிக்க வைக்கிறேன். தொரை டியூஷன் போறேன்னு சொல்லிட்டு மூணு வாரமா குத்துச்சண்டைக்குப் போயிருக்கான். எங்க வீட்டுல ஒரு ரவுடி உருவாகணுமா?"

பையன் வாய் திறக்கவில்லை. நாம் மெதுவாக விசாரித்தோம். சேர்ந்த இரண்டாவது வாரமே அவனை 22 வயது வாலிபன் ஒருவனுக்கு எதிரே நிறுத்தியிருக்கிறார்கள். பல்லுக்குக் காப்பு இல்லை. சுற்றி நின்றவர்கள் கை தட்டியிருக்கிறார்கள்.

அங்கே இருந்தவர்களில் இரண்டு பேர் உடனே தீர்ப்புச் சொன்னார்கள். ஒருவர் நமது பழைய தோழர்: "நாலு சாத்து சாத்தி ஒர்க்ஷாப்புல சேர்த்து விடுப்பா. தானா அடங்கிடுவான்" என்றார். இன்னொருவர் வேறு காரியமாக வந்தவர். அவர் பையனின் தோளைத் தட்டிப் பார்த்தார். "நல்ல கை. எங்க அண்ணன்கிட்ட விடு. ஜிம் வெச்சிருக்காரு. சோறு, துணிமணி எல்லாம் அவரு பாத்துக்குவாரு. இந்த மாதிரி பசங்கதான் அவருக்கு வேணும்" என்றார்.

ஒருவர் அந்தக் கையை அடக்கச் சொன்னார். மற்றவர் அதை விலைக்குக் கேட்டார். இருவருக்கும் அன்றே பதில் சொன்னோம். ஆனால் இது ஒரு வீட்டின் பிரச்னை அல்ல. மில் லைன்களிலும் குடிசைப் பகுதிகளிலும் ஆயிரம் வீடுகளில் இந்தப் பேச்சு நடக்கிறது. ஆகவே அந்தப் பதிலை இங்கே விரிவாக எழுதுகிறோம்.

ரவுடித்தனமா குத்துச்சண்டை?

முதலில் நமது பழைய தோழருக்கு.

குத்துச்சண்டை கற்றால் பிள்ளை ரவுடியாவான் என்கிறீர்கள். நாம் கேட்கிறோம்: தெருமுனையில் கத்தியோடு திரிகிறவர்களில் எத்தனை பேர் காலை 5 மணிக்கு எழுந்து ஓடினார்கள்? எத்தனை பேர் ஒரு வாத்தியாருக்குக் கட்டுப்பட்டார்கள்? ரவுடிக்கு விதி கிடையாது. குத்துச்சண்டைக்கு உண்டு. 1867இல் இங்கிலாந்தில் குவீன்ஸ்பெரி பிரபுவின் பெயரால் வெளிவந்த விதிகள் கையுறையைக் கட்டாயமாக்கின. சுற்றுக்கு 3 நிமிடம், இடையில் 1 நிமிட ஓய்வு என்று வகுத்தன. விழுந்தவனை அடிக்கக் கூடாது, எழ 10 விநாடி தர வேண்டும் என்றன. விழுந்தவனை அடிக்காதே என்று நமது தெருக்களில் எந்தக் கேடி சொல்லிக் கொடுக்கிறான்?

கோபக்காரன் ரிங்கில் தோற்கிறான். கண்ணை மூடிக்கொண்டு கை வீசுகிறவன் சுற்று முடியும் முன்பே மூச்சு வாங்கி நிற்கிறான். பயத்தையும் கோபத்தையும் அடக்கி, எதிரே நிற்பவனைக் கூர்ந்து பார்க்கக் கற்றவனே நிற்கிறான்.

அமெரிக்காவில் லூயிவில் என்ற ஊர். 1954ஆம் வருஷம். 12 வயதுக் கறுப்பினச் சிறுவன் ஒருவனின் சைக்கிளை யாரோ திருடிவிட்டார்கள். திருடனை உதைப்பேன் என்று அவன் அழுதுகொண்டே ஒரு போலீஸ்காரரிடம் போய் நின்றான். அந்தப் போலீஸ்காரர் ஜோ மார்ட்டின், ஓய்வு நேரத்தில் சிறுவர்களுக்குக் குத்துச்சண்டை கற்பித்தவர். உதைப்பதற்கு முன் சண்டையைக் கற்றுக்கொள் என்று அவனைத் தம் கூடத்தில் சேர்த்துக்கொண்டார். 1960இல் ரோம் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற முகம்மது அலி அவன்தான். 1967இல் வியத்நாம் யுத்தத்திற்குப் போக மறுத்தார், பட்டம் பறிபோயிற்று, மூன்றரை வருஷம் ரிங்கில் ஏற முடியவில்லை. ஆயினும் அவர் பணியவில்லை. 1980இல் அவர் சென்னைக்கு வந்தபோது நேரு ஸ்டேடியத்தில் திரண்ட ஜனங்களை நமது பெரியவர்களில் பலர் இன்னும் நினைவு வைத்திருக்கிறார்கள்.

இன்னும் அருகே வாருங்கள். மணிப்பூரில் நிலமில்லாத உழைப்பாளி வீட்டில் பிறந்த பெண் மேரி கோம். தாயும் தகப்பனும் வயலில் கூலி வேலை பார்த்துப் பிள்ளைகளை வளர்த்தவர்கள். மகள் குத்துச்சண்டை பழகுவது தகப்பனாருக்குத் தெரியாது. 2000இல் அவர் மாநிலப் போட்டியில் வென்று பத்திரிகையில் படம் வந்தபோதுதான் தெரிந்தது. முகத்தில் காயம் பட்டால் கல்யாணம் எப்படி நடக்கும் என்று அந்தத் தகப்பனாரும் கோபித்தார். அந்த மகளே 2012இல் லண்டன் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்றார். பெண்களுக்குக் குத்துச்சண்டை ஒலிம்பிக்கில் இடம் பெற்றதே அந்த வருஷந்தான். வயலில் நாற்று நடும் சகோதரிகளே, இது உங்கள் மகளுக்கும் பொருந்தும்.

ஹரியானாவில் அரசு பஸ் டிரைவரின் மகன் விஜேந்தர் சிங். 2008இல் பீஜிங்கில் வெண்கலம் வென்றார். ஒலிம்பிக் குத்துச்சண்டையில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் மெடல் அது. அதே போட்டியில் காலிறுதி வரை போன 3 இந்தியர்களும் பிவானி என்ற ஒரே ஊரில் பழகியவர்கள். பிவானி செல்வந்தர் நகரம் அல்ல. அங்கே வாத்தியார் இருந்தார், விடுதி இருந்தது, விடாப்பிடியாகப் பழகும் பிள்ளைகள் இருந்தார்கள்.

நமது வடசென்னைக்கே என்ன குறை? வெள்ளைக்காரச் சிப்பாய்களும் மாலுமிகளும் கொண்டுவந்த இந்த ஆட்டத்தைத் துறைமுகத் தொழிலாளரும் மில் தொழிலாளரும் மீனவரும் கைப்பற்றித் தம்முடையதாக்கிக் கொண்டார்கள். சார்பட்டா பரம்பரை, இடியப்ப நாயக்கர் பரம்பரை என்று வாத்தியார் வழி வந்த கூட்டங்கள் இருந்தன. 2021இல் சினிமா வந்த பிறகுதான் மற்ற ஜனங்களுக்கு இது தெரிந்தது. 1992 ஒலிம்பிக்கில் ஆடி, 1994இல் பாங்காக் உலகக் கோப்பையில் வெண்கலம் வென்ற தேவராஜன் சென்னைக்காரர். இது நம் ஜனங்களின் ஆட்டம், தோழரே! இதை ரவுடித்தனம் என்று சொல்வது நம்மை நாமே இகழ்வதாகும்.

அடித்தால் பையன் அடங்குவான் என்றும் நினைக்காதீர்கள். அடித்தால் பொய் சொல்வான். பொய் சொல்லி, யாரும் பார்க்காத கொட்டகையில், யாரும் பொறுப்பேற்காத இடத்தில் போய் நிற்பான். அவன் உதடு வீங்கியது குத்துச்சண்டையால் மட்டும் அல்ல. வீட்டுக்குத் தெரியாமல் போக நேர்ந்ததாலும்தான்.

"அண்ணன் பார்த்துக்கொள்வார்"

இனி அந்த இரண்டாமவருக்கு.

உங்கள் அண்ணனை நமக்குத் தெரியும். அவர் பெயர் தெருவுக்குத் தெரு மாறும், காரியம் மாறாது. அவர் போடும் சோற்றுக்கு ஒரு நாள் கணக்குக் கேட்பார். தேர்தல் வந்தால் அந்தப் பையன் முன்னால் நிற்க வேண்டும். நிலத் தகராறு வந்தால் பின்னால் நிற்க வேண்டும். வேலைநிறுத்தம் வந்தால்? நம்மை அடிக்க நம் பிள்ளையையே அனுப்புவார்! கேஸ் வந்தால் பையன் ஜெயிலுக்கு. அண்ணன் மாலை மரியாதைக்கு. இதுதான் அவர் நடத்தும் ஜிம்.

இதைவிடப் பெரிய அண்ணன்கள் மேல்நாட்டில் உண்டு. கியூபாவில் சிறுவயதில் கரும்பு வெட்டியவர் பென்னி பாரெட். எழுதப் படிக்கத் தெரியாதவர். குத்துச்சண்டையை நம்பி அமெரிக்கா போய் உலகப் பட்டமும் வென்றார். 1961 டிசம்பரில் தம்மைவிடப் பெரிய எடைக்காரர் ஒருவரிடம் கடுமையாக அடிபட்டு விழுந்தார். அந்த மனிதருக்கு எவ்வளவு ஓய்வு தந்திருக்க வேண்டும்! நான்கு மாதங்கள்கூடக் கழியவில்லை. 1962 மார்ச் 24இல் நியூயார்க்கில் மீண்டும் ரிங்கில் ஏற்றினார்கள். டெலிவிஷனில் லட்சக்கணக்கானோர் பார்த்துக் கொண்டிருக்க, 12ஆவது சுற்றில் கயிற்று மூலையில் சிக்கிய அவர் தலையில் குத்து மேல் குத்தாக விழுந்தது. 10 நாள் நினைவில்லாமல் கிடந்து ஏப்ரல் 3இல் மாண்டார். டிக்கெட் விற்றவனும் விளம்பரம் விற்றவனும் லாபத்தோடு வீடு போனார்கள். கரும்பு வெட்டியவனின் மனைவி மக்கள் என்ன கொண்டுபோனார்கள்?

எதிரே நின்றவரும் உழைப்பாளி வீட்டுப் பிள்ளைதான். அந்த நினைவு அவரைக் காலமெல்லாம் வாட்டியது. இரண்டு ஏழைகளை மோதவிட்டு மூன்றாமவன் காசு எண்ணுவதற்கு விளையாட்டு என்று பெயர் வைக்கிறார்கள். சேவல் கட்டுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? சேவலாவது பேச முடியாத ஜீவன்!

டாக்டர்கள் சொல்வதை மறைக்க மாட்டோம்

இங்கே ஒரு கேள்வி எழும். "நீங்கள் குத்துச்சண்டையைப் புகழ்கிறீர்கள், மூளைக்குக் கெடுதல் என்கிறார்களே?"

ஆம், கெடுதல் உண்டு. 1928லேயே மார்ட்லண்ட் என்ற அமெரிக்க டாக்டர், தலையில் வருஷக்கணக்காகக் குத்து வாங்கியவர்களின் நடை தள்ளாடுவதையும் பேச்சு குழறுவதையும் புத்தி மங்குவதையும் எழுதி வைத்தார். 2011இல் அமெரிக்க, கனடியக் குழந்தை மருத்துவர் சங்கங்கள் சேர்ந்து, சிறுவர்களும் பதின்வயதினரும் குத்துச்சண்டையில் ஈடுபடுவதை எதிர்த்து அறிக்கை விட்டன. அலிக்கே 1984இல் பார்க்கின்சன் நோய்க் கூறு கண்டுபிடிக்கப்பட்டது. அது முழுவதும் குத்தினால் வந்ததா என்பதில் டாக்டர்களிடையே அபிப்பிராய பேதம் உண்டு. ஆனால் அந்தக் கைகள் நடுங்கியதை உலகம் பார்த்தது.

இதைத் தகப்பனாரிடம் மறைத்துப் பேசுகிறவன் தரகன். நாம் தரகர் அல்ல. ஆனால் டாக்டர்கள் சொல்வதை முழுவதும் படியுங்கள். மூளையைக் கெடுப்பது தலையில் விழும் குத்து. கயிறு தாண்டுவதோ, ஓடுவதோ, மூட்டையைக் குத்திப் பழகுவதோ அல்ல. ஆகவே பிள்ளை பழகலாம். எதிராளியின் முன் நிற்பதை எவ்வளவு தாமதிக்க முடியுமோ அவ்வளவு தாமதிக்க வேண்டும். கடைசி வரை நிற்காமலே பழகினாலும் நஷ்டமில்லை. உடம்பு உரம் பெறும், மனசு கட்டுப்படும். போட்டிக்குப் போகத்தான் வேண்டும் என்றால், கெடுதல் இன்னது என்று தெரிந்த வீடும், அதைக் குறைக்கத் தெரிந்த வாத்தியாரும் வேண்டும்.

என்ன செய்ய வேண்டும்?

முதலாவது, வாத்தியாரைப் பாருங்கள். பிள்ளையை அனுப்பிவிட்டு வீட்டில் உட்காராதீர்கள். ஒரு வாரம் போய் ஓரமாக நின்று கவனியுங்கள். அவர் எங்கே பழகினார்? பாட்டியாலா என்.ஐ.எஸ். நிலையத்தில் பயிற்சி பெற்றவரா? சம எடை, சம வயது பார்த்து ஜோடி சேர்க்கிறாரா? ஒரு பையன் தடுமாறினால் உடனே நிறுத்துகிறாரா, அல்லது "இன்னும் குத்து" என்று கத்துகிறாரா? பந்தயப் பேச்சு அங்கே நடக்கிறதா? பிள்ளைகளைத் தம் சொந்த வேலைக்கு அனுப்புகிறாரா? சாதி கேட்கிறாரா? இதற்கெல்லாம் பதில் அங்கே நின்றாலே தெரிந்துவிடும்.

இரண்டாவது, டாக்டர். அரசு ஆஸ்பத்திரியில் கண், காது, இருதயம் பார்க்க வேண்டும். வலிப்பு உண்டா, முன்பு தலையில் அடிபட்டதுண்டா என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும்.

மூன்றாவது, அவசரம் கூடாது. முதல் மூன்று மாதம் எதிரே ஆள் நிற்கவே கூடாது. நிற்கும் நிலையைக் கற்கட்டும். வலது கைக்காரன் என்றால் இடது கால் முன்னே; முகவாய் கீழே; இரு கைகளும் கன்னத்தருகே. பிறகு கால் வைக்கும் முறை. பிறகு முன் கையால் நேராகக் குத்தும் ஜாப். கண்ணாடி முன்னால், கயிற்றோடு, மூட்டையோடு, வாத்தியாரின் கைத்தட்டில் பழகட்டும். இது சலிப்பான வேலை. நூற்பில் இழை முடியக் கற்றதும், வயலில் நாற்றை வரிசை பிசகாமல் நடக் கற்றதும் சலிப்பில்லாமலா வந்தது?

நான்காவது, சாமான். முதலில் வாங்க வேண்டியது கையில் சுற்றும் துணி. 4 மீட்டருக்கு மேல் நீளம் இருக்கும். மணிக்கட்டையும் விரல் எலும்பையும் காப்பது அதுதான். அடுத்தது பல்காப்பு, ஒருவனுடையதை இன்னொருவன் போடக் கூடாது. ஜோடியாகப் பழகும்போது 14 அல்லது 16 அவுன்ஸ் கனமான கையுறை வேண்டும். தலைக்கவசம் வெட்டுக்காயத்தைத் தடுக்கும். மண்டைக்குள்ளே மூளை குலுங்குவதைத் தடுக்காது. கவசம் இருக்கிறதே என்று வீச்சைக் கூட்ட விடாதீர்கள்.

ஐந்தாவது, மிக முக்கியமானது. தலையில் அடிபட்டுத் தலைவலி, வாந்தி, மயக்கம், மறதி, தூக்கக் கலக்கம் எது கண்டாலும் அன்றே நிறுத்த வேண்டும். டாக்டரிடம் போக வேண்டும். அவர் சரி என்னும் வரை கையுறை தொடக் கூடாது. முதல் அடி ஆறும் முன் இரண்டாவது அடி விழுந்தால் வளரும் பிள்ளையின் உயிருக்கே ஆபத்து. "ஆம்பளைப் பிள்ளை, தாங்குவான்" என்கிறவனைக் கூடத்தை விட்டு வெளியே அனுப்புங்கள்.

ஆறாவது, சோறும் படிப்பும். எடை குறைக்க வேண்டும் என்று வளரும் பிள்ளையைப் பட்டினி போடுவதும், தண்ணீர் கொடுக்காமல் வேர்க்க வைப்பதும் குற்றம். முட்டை, மீன், கடலை, பயறு, கேழ்வரகு, நம்மால் முடிந்ததைப் போடுவோம். பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுக் கையுறையை மட்டும் நம்பச் சொல்கிற வாத்தியார் வாத்தியார் அல்ல. ஆயிரம் பேரில் ஒருவனுக்கே மெடல். மற்ற 999 பேரும் வாழ வேண்டாமா?

அடிபட்டால் யார் பொறுப்பு?

அன்று தகப்பனார் கடைசியாகக் கேட்ட கேள்வி இது: "எல்லாம் சரி தோழரே, அடிபட்டா யாரு பொறுப்பு?"

இதுதான் கேள்வி! அடக்கு என்கிறவரும் இதற்குப் பதில் சொல்லவில்லை. விலைக்குக் கேட்கிறவரும் சொல்லவில்லை. முக்கியமாகச் சர்க்கார் சொல்லவில்லை. மெடல் வாங்கியவனுக்கு மேடை போட்டு மாலை போடுகிறார்கள். மெடலுக்கு முந்திய பத்து வருஷம் அவன் எந்தக் கொட்டகையில் பழகினான், என்ன தின்றான் என்று கேட்பதில்லை. மெடலுக்குப் பிறகும் கேட்பதில்லை. அநாதை இல்லத்தில் வளர்ந்து 1998 பாங்காக் ஆசியப் போட்டியில் தங்கம் வென்றவர் டிங்கோ சிங். அவரைப் பார்த்துத்தான் மேரி கோம் கையுறை மாட்டினார். அந்த டிங்கோ சிங் புற்றுநோய்ச் சிகிச்சைக்காக வீட்டை விற்க நேர்ந்தது என்று பத்திரிகைகள் எழுதின. 2021இல், 42 வயதில் காலமானார்.

கியூபாவைப் பாருங்கள். பாரெட் மாண்ட அதே 1962இல் அங்கே காசுக்காக ஆடும் தொழில்முறைக் குத்துச்சண்டை ஒழிக்கப்பட்டது. அதற்குப் பதில் பிள்ளைகளுக்குப் பள்ளியும் பயிற்சியும் டாக்டரும் அரசாங்கச் செலவில் தரப்பட்டன. 1972, 1976, 1980 மூன்று ஒலிம்பிக்கிலும் தங்கம் வென்ற ஸ்டீவன்சன், அமெரிக்க முதலாளிகள் நீட்டிய பத்து லட்சம் டாலருக்கு மேற்பட்ட தொகையை வேண்டாம் என்றார். அந்தச் சின்னத் தீவு இதுவரை 40க்கு மேற்பட்ட ஒலிம்பிக் தங்கத்தைக் குத்துச்சண்டையில் மட்டும் வென்றிருக்கிறது. பிற்காலத்தில் சில வீரர்கள் பணம் தேடி வெளியேறியதும் உண்மை. பொருளாதார நெருக்கடியில் 2022இல் அந்த நாடே தன் வீரர்களை ஒப்பந்தத்தின் பேரில் தொழில்முறைப் போட்டிக்கு அனுப்பத் தொடங்கியதும் உண்மை. ஆனால் 60 வருஷம் அது ஒன்றை நிரூபித்தது: ஏழைப் பிள்ளையின் கைக்கு ஒரு நாடே பொறுப்பேற்க முடியும்.

நமது கோரிக்கைகள் எளியவை. தொழிலாளர் வாழும் ஒவ்வொரு வட்டாரத்திலும் ஒரு ரிங். அதற்குச் சம்பளம் பெறும், பயிற்சி பெற்ற வாத்தியார். போட்டி நாளில் டாக்டரும் ஆம்புலன்சும். பழகும் ஒவ்வொரு பிள்ளைக்கும் இன்ஷூரன்ஸ். மாலையில் முட்டையும் சுண்டலும். பெண் பிள்ளைகளுக்குத் தனி நேரமும் உடை மாற்ற இடமும். இவற்றைக் கேட்டு மாநகராட்சிக்கும் மாநில விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்துக்கும் மனுக் கொடுப்போம். மனுவோடு நிற்கவும் மாட்டோம்.

சர்க்கார் தரும் வரை? சங்கங்களே, உங்கள் கட்டடங்களுக்குப் பின்னால் இடம் காலியாகக் கிடக்கிறதே! ஒரு மூட்டையைத் தொங்கவிட எத்தனை ரூபாய் ஆகும்? அந்தப் பிள்ளைகளை நாம் கூப்பிடாவிட்டால் அண்ணன் கூப்பிடுவார்.

அந்தத் துறைமுகத் தோழரின் மகனை மறுநாள் அரசு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம். கண்ணுக்குச் சேதமில்லை. ஒரு மாதம் ஓய்வு என்றார் டாக்டர். பிறகு பழைய கொட்டகையை விட்டு வேறு வாத்தியாரிடம் சேர்ந்தான். ஆறு மாதம் எதிராளி கிடையாது என்று அவர் முதல் நாளே சொல்லிவிட்டார். பையனுக்கு முகம் தொங்கிப் போயிற்று. தகப்பனாருக்கு அப்போதுதான் நம்பிக்கை வந்தது. கையுறையின் விட்டுப்போன தையலை நம் தெருவில் செருப்புத் தைக்கும் தோழர் காசு வாங்காமல் போட்டுக் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் தகப்பனார் போய்க் கைகட்டி ஓரமாக நிற்கிறார். ஒன்றும் பேசுவதில்லை. ஆனால் போகிறார்.

தோழர்களே! உங்கள் பிள்ளையின் கையை முறிக்காதீர்கள், விற்கவும் விடாதீர்கள். அதற்கு நாம் பொறுப்பேற்போம். சர்க்காரையும் பொறுப்பேற்க வைப்போம்!